பட்டம் பெற்ற வீரரும் முதுநிலை வகுப்பறையும்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (சாக்கர் அல்ல, அமெரிக்க வகைக் கால்பந்து), இளநிலைப் பட்டம் முடித்துவிட்டு, ஆடும் தகுதி மிச்சமிருப்பதால் வேறொரு பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவராகச் சேர்ந்து ஆடும் வீரர்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதையொட்டி அமெரிக்காவில் வாழும் நம் வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். கல்லூரியில் ஆடும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர். தங்கள் பிள்ளைக்கு இடம் கிடைக்காத மனத்தாங்கலோடு எழுதியவர்கள் சிலர். ஒரே பொருளைத் தொட்டு வந்த கேள்விகளை இம்முறை சேர்த்து எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பட்டம் பெற்ற வீரர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது குறைந்தது இவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்று, கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. வரம்பு ஏதாவது வைத்திருக்கிறதா? அலுவலகத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்.
– ஒரு வாசகர், நியூ ஜெர்சி

பதில்: முதுநிலைச் சேர்க்கைக்கென்று என்.சி.ஏ.ஏ. எந்த மதிப்பெண் வரம்பும் வைக்கவில்லை. பள்ளியிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவரிடம் விளையாட்டில் மேல்நிலையான முதல் பிரிவுக் கல்லூரிகளுக்காக அந்த அமைப்பு 16 அடிப்படைப் பாடங்களையும், அவற்றில் குறைந்தது 2.3 ஜி.பி.ஏ.வையும் (4.0 அளவில் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) கேட்கிறது, அதைச் சரிபார்ப்பதற்கென்றே தனி மையம் ஒன்றையும் நடத்துகிறது. பட்டம் பெற்று மாறுகிறவரிடம் அது கேட்பவை வேறு. பழைய கல்லூரியில் இளநிலைப் பட்டம் முடிந்திருக்க வேண்டும். படிப்பு விஷயத்தில் தகுதி இழக்காத நிலையில் அங்கிருந்து கிளம்பியிருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு ஆட்டப் பருவங்கள் என்று நெடுங்காலமாக இருந்துவரும் கணக்கில் அவருக்கு இன்னும் மிச்சம் இருக்க வேண்டும். புதிய இடத்தில் முழுநேர மாணவராகச் சேர்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். சேர்ப்பதா, வேண்டாமா என்பதைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பள்ளியும் அந்தந்தத் துறையும்தான் முடிவு செய்ய வேண்டும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இரண்டு அளவுகோல்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியில். இளநிலையில் ஆடும் தகுதியைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வீரர், பட்டத்துக்குரிய பாடங்களில் இரண்டாம் ஆண்டு முடிவில் 40 விழுக்காடும், மூன்றாம் ஆண்டு முடிவில் 60 விழுக்காடும், நான்காம் ஆண்டு முடிவில் 80 விழுக்காடும் முடித்திருக்க வேண்டும். ஜி.பி.ஏ. விஷயத்தில், பட்டம் தருவதற்கு அந்தக் கல்லூரி கேட்கும் குறைந்த அளவை எட்டினால் போதும். பெரும்பாலான கல்லூரிகளில் அது 2.0. முதுநிலைப் பள்ளிகள் பொதுவாகக் கேட்பதோ 3.0. ஆகவே விதிகளில் ஒன்றையும் மீறாமல், ஒழுங்காகப் படித்து, உரிய காலத்தில் பட்டமும் வாங்கிய ஒரு வீரர் 2.5 வைத்துக்கொண்டு வந்து நிற்கும்போது, ஆடுகளம் அவரைத் தகுதியானவர் என்கிறது. துறை அவரைத் தகுதி இல்லாதவர் என்கிறது.

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு விதி இருக்கிறது. ஒரு கல்லூரி தன் வழக்கமான, வெளியிடப்பட்ட சேர்க்கை விதிகளின்படி சேர்த்துக்கொண்ட மாணவரைத்தான் தன் அணியில் ஆடவிட வேண்டும் என்பது என்.சி.ஏ.ஏ.வின் விதி. விலக்கு அளித்தும் சேர்க்கலாம். ஆனால் அப்படி விலக்கு அளிக்கும் அதிகாரம் பல்கலைக்கழகத் தலைவருக்கோ சேர்க்கைக் குழுவுக்கோ உண்டு என்பது பல்கலைக்கழகக் கையேடு போன்ற அதிகாரபூர்வ ஆவணம் ஒன்றில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதாவது கோச்சுக்காக ஆகஸ்ட் மாதத்தில் புதிதாக ஒரு கதவைத் திறந்துவிட முடியாது. எல்லோருக்கும் பொதுவாக ஏற்கெனவே இருக்கும் கதவின் வழியாகத்தான் அழைத்துவர வேண்டும். நல்ல விதி என்றே நினைக்கிறேன். அதை எவ்வளவு மனச்சாட்சியோடு கடைப்பிடிக்கிறார்கள் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடுகிறது.

கேள்வி: இப்படி மாறி ஆடும் வழக்கம் எப்போது தொடங்கியது? முன்பெல்லாம் மாறினால் ஓராண்டு வெளியே உட்கார வேண்டும் அல்லவா?
– ஒரு வாசகர், சிகாகோ

பதில்: ஆம், கால்பந்தில் முதல் பிரிவுக்குள்ளேயே மாறுகிறவர் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்பதுதான் வெகுகாலம் நடைமுறையாக இருந்தது. 2006-ல் என்.சி.ஏ.ஏ. ஒரு புதிய விதியை ஏற்றுக்கொண்டது: பட்டம் முடித்தவர், ஆடும் தகுதி மிச்சமிருந்தால், வேறு கல்லூரியில் முதுநிலையில் சேர்ந்து உடனே ஆடலாம். படிப்பை முடித்த மாணவருக்குத் தரும் சலுகையாக அதை முன்வைத்தார்கள். அந்த ஆண்டே யூட்டா பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்த ரயன் ஸ்மித், ஃபுளோரிடாவுக்கு மாறி, தேசியப் பட்டம் வென்ற அணியில் ஆடினார். பெரிய அணிகள் சிறிய அணிகளின் நல்ல வீரர்களைக் கொத்திக்கொண்டு போகும் என்ற அச்சம் உடனே கிளம்பியது. 2007 சனவரியில் உறுப்புக் கல்லூரிகள் வாக்களித்து அந்த விதியை நீக்கிவிட்டன.

அதன்பிறகு தனித்தனி விலக்கு என்ற வழி மட்டும் இருந்தது. பழைய கல்லூரியில் இல்லாத முதுநிலைப் படிப்பு ஒன்றைப் படிக்க விரும்புகிறவர், அதைக் காரணம் காட்டி உடனே ஆட அனுமதி கேட்கலாம். இந்த நிபந்தனையின் வலுவும் பலவீனமும் 2010-ல் ஒரே வாரத்தில் வெளிப்பட்டன. ஆரிகன் அணியிலிருந்து ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்ட குவார்ட்டர்பேக் (தாக்குதலை வழிநடத்திப் பந்தை வீசும் ஆட்டக்காரர்) ஜெரமையா மசோலி, மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் பூங்கா மற்றும் பொழுதுபோக்கு மேலாண்மை முதுநிலைப் படிப்பில் சேர்ந்தார். படிப்புக்காக மாறுகிறவருக்கு உதவவே இந்த விலக்கு இருக்கிறது, ஒழுங்கு நடவடிக்கையிலிருந்து தப்புவதற்கு அல்ல என்று சொல்லி என்.சி.ஏ.ஏ. முதலில் மறுத்தது. மேல்முறையீட்டில், பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு முன்னரே, அனுமதி கிடைத்துவிட்டது. ஒரு மாணவர் எந்த நோக்கத்தில் ஒரு படிப்பைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதை வெளியிலிருந்து யாரும் அளக்க முடியாது என்பதே அந்த வழக்கு காட்டிய உண்மை.

அடுத்த ஆண்டே இந்த முறைக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தவர் ரசல் வில்சன். வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்றே ஆண்டுகளில் இளநிலைப் பட்டம் முடித்திருந்த அவர், 2011-ல் விஸ்கான்சினில் கல்வித் தலைமை தொடர்பான முதுநிலைப் படிப்பில் சேர்ந்து, அந்த அணியைப் பிக் டென் என்ற கல்லூரிக் குழுமத்தின் பட்டத்துக்கும் புகழ்பெற்ற ரோஸ் பவுல் ஆட்டத்துக்கும் அழைத்துச் சென்றார். அதற்குப்பின் கோச்சுகள் எல்லோரும் பட்டம் பெற்ற குவார்ட்டர்பேக் எங்கே கிடைப்பார் என்று தேடத் தொடங்கினார்கள். 2018-ல் ஒஹையோ ஸ்டேட்டிலிருந்து லூயிசியானா ஸ்டேட்டுக்குப் போன ஜோ பர்ரோ அடுத்த ஆண்டு, சிறந்த கல்லூரிக் கால்பந்து வீரருக்கான ஹைஸ்மன் விருதும், தொடர்ந்து தேசியப் பட்டமும் வென்றார். 2018 அக்டோபரில், மாற விரும்பும் வீரர்களின் பெயரைப் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021-ல் இளநிலை மாணவர்களும் ஒருமுறை மாறி உடனே ஆடலாம் என்றும், 2024-ல் படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றும் விதி தளர்ந்துவிட்டது.

கேள்வி: என் மகன் ஒரு கல்லூரி அணியில் தற்காப்பு வரிசையில் ஆடுகிறான். முதல் ஆண்டு ரெட்ஷர்ட் ஆனதால், அதாவது அணியில் இருந்தும் அந்த ஆண்டு ஆட்டப் பருவமாகக் கணக்கில் வராததால், ஒரு பருவம் மிச்சம் இருக்கும். வருகிற டிசம்பரில் மூன்றரை ஆண்டில் பட்டம் முடித்துவிடுவான். ஜி.பி.ஏ. 2.8. வேறு பல்கலைக்கழகத்தில் முதுநிலையில் சேர்ந்து ஆட ஆசைப்படுகிறான். சேர்த்துக்கொள்வார்களா? நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?
– ஒரு தாய், டல்லாஸ்

பதில்: அம்மா, மூன்றரை ஆண்டில் பட்டம் முடிப்பது சிறிய காரியம் அல்ல. பருவ காலத்தில் பயிற்சிக்கென்று வாரத்துக்கு 20 மணி நேரம் வரை விதியே அனுமதிக்கிறது. பயணமும், காயத்துக்கான சிகிச்சையும், தானாகவே போய்ச் செய்யும் உடற்பயிற்சியும் அந்தக் கணக்கில் வருவதில்லை. அதோடு சேர்த்துக் கோடை வகுப்புகளையும் படித்துத்தான் உங்கள் மகன் இந்த இடத்துக்கு வந்திருப்பான். அந்த உழைப்பைச் சேர்க்கைக் குழுவுக்குத் தெரியும்படி வைப்பதுதான் உங்கள் முதல் வேலை.

முதுநிலை விண்ணப்பங்களைப் படிக்கும் குழுவில் இருந்த பழக்கத்தில் சொல்கிறேன். 2.8 என்ற எண்ணை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. டிரான்ஸ்கிரிப்ட்டை வரி வரியாகப் பார்ப்பார்கள். விளையாட்டு வீரரின் டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு ஒரு தனி வடிவம் உண்டு. முதல் ஆண்டு இலையுதிர் செமஸ்டரில் இரண்டு சி, ஒரு சி மைனஸ்; அதே ஆண்டு வசந்த செமஸ்டரில் பி; மறுபடியும் இலையுதிரில் இறக்கம், வசந்தத்தில் ஏற்றம். மூன்றாம் ஆண்டு வாக்கில் இந்த ஏற்ற இறக்கம் அடங்கி, தன் முதன்மைப் பாடத்தில் பி பிளஸ், ஏ மைனஸ் என்று நிலைத்துவிட்டால், படிக்கக் கற்றுக்கொண்ட மாணவர் என்று குழு புரிந்துகொள்ளும். கடைசி 60 கிரெடிட்டுகளின் (பாடங்களின் அளவைக் குறிக்கும் அலகு) சராசரியைத் தனியாகப் பார்க்கும் முதுநிலைப் பள்ளிகளும் பல உண்டு. அந்தக் கணக்கில் உங்கள் மகனுக்கு 3.0 வந்துவிடவும் கூடும். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். நோக்க அறிக்கையில் அந்தச் சராசரியை அவன் ஒரு வரியில் குறிப்பிடட்டும். சிபாரிசுக் கடிதங்கள் ஆசிரியர்களிடமிருந்து வரட்டும். கோச்சின் கடிதம் மூன்றாவதாக இருந்தால் தவறில்லை, முதலாவதாக இருந்தால் அது படிக்கிறவருக்கு வேறொன்றைச் சொல்லும்.

3.0-க்குக் கீழே உள்ளவர்களை நிபந்தனையோடு சேர்த்துக்கொள்ளும் முறையும் பல இடங்களில் இருக்கிறது. முதல் செமஸ்டரில் 3.0-க்குக் குறையாமல் எடுக்க வேண்டும், இல்லையென்றால் வெளியேற்றப்படலாம் என்பது போன்ற நிபந்தனை அது. மற்ற மாணவருக்கு இது கடினம்; கால்பந்து வீரருக்கு இன்னும் கடினம், ஏனென்றால் அவருடைய முதல் செமஸ்டரே பெரும்பாலும் ஆட்டப் பருவமாக அமைந்துவிடுகிறது. உங்கள் மகன் டிசம்பரில் பட்டம் முடிப்பதால் அவனுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது: சனவரியிலேயே சேர்ந்துவிடலாம். இந்த வசதியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.

காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். முதுநிலையில் முழுநேரம் என்பது பொதுவாக ஒரு செமஸ்டருக்கு 9 கிரெடிட்; பட்டத்துக்குப் பெரும்பாலும் 30 முதல் 36 கிரெடிட் தேவைப்படும். ஆகஸ்டில் சேர்கிற வீரர் டிசம்பருக்குள் 9 கிரெடிட் முடிப்பார். பருவம் முடிந்ததும், தொழில்முறை ஆட்டத்துக்கு முயல்கிறவராக இருந்தால், சனவரியிலேயே பயிற்சி முகாமுக்குப் போய்விடுவார். பிப்ரவரி இறுதியில் தொழில்முறைக் கால்பந்து அமைப்பான என்.எஃப்.எல்.லின் தேர்வு முகாம், மார்ச்சில் கல்லூரி வளாகங்களில் நடக்கும் திறன் காட்டும் நாட்கள், ஏப்ரல் இறுதியில் அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட். முப்பதில் ஒன்பதோடு படிப்பு நின்றுவிடும். சனவரியில் சேர்கிறவரோ வசந்தத்தில் 9, கோடையில் 6, இலையுதிரில் 9 என்று 24 கிரெடிட் முடித்துவிடுவார். மிச்சம் 6, இரண்டே பாடங்கள். அவற்றை எங்கிருந்தும் இணையவழியில் முடிக்க முடியுமா என்பதைச் சேர்வதற்கு முன்பே துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பார்க்க அழைக்கும்போது ஆடுகளத்தையும் உடற்பயிற்சிக் கூடத்தையும் காட்டுவார்கள். நீங்கள் துறையின் முதுநிலை இயக்குநரைச் சந்திக்க வேண்டும் என்று கேளுங்கள். மாலை ஆறு மணிக்குத் தொடங்கி மூன்று மணி நேரம் நடக்கும் வாராந்தர வகுப்பு எந்தக் கிழமை என்று கேளுங்கள். அது வெள்ளிக்கிழமையாக இருந்தால், வெளியூர் ஆட்டத்துக்குப் பயணப்படும் நாளெல்லாம் வகுப்பு போய்விடும். கடைசியாக, உதவித்தொகை எந்தத் தேதி வரை என்று கேளுங்கள். பருவம் முடிந்தபின் மிச்சப் பாடங்களுக்கான கட்டணத்தை யார் கட்டுவார்கள் என்பது ஒப்பந்தத்தில் இல்லையென்றால், அது உங்கள் தலையில்தான் விழும்.

கேள்வி: 3.7 ஜி.பி.ஏ. வைத்திருந்த என் மகளுக்கு ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் முதுநிலை இடம் மறுக்கப்பட்டது. அதே பல்கலைக்கழகம் அதைவிட மிகக் குறைந்த மதிப்பெண் உள்ள கால்பந்து வீரரை முதுநிலையில் சேர்த்திருக்கிறது என்று செய்தியில் படித்தேன். இது அநியாயம் இல்லையா?
– ஒரு வாசகி, கலிஃபோர்னியா

பதில்: உங்கள் மன வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வீரர் உங்கள் மகளின் இடத்தை எடுத்துக்கொண்டாரா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். முதுநிலைச் சேர்க்கை பல்கலைக்கழகம் முழுவதற்குமாக ஒரே பட்டியல் போட்டு நடப்பதில்லை. துறை துறையாக நடக்கிறது. உங்கள் மகள் விண்ணப்பித்தது ஆய்வுக்கூடமும் உதவித்தொகையும் அளவாக உள்ள ஒரு துறையாக இருந்தால், அங்கே போட்டி வேறு. கால்பந்து வீரர்கள் பெரும்பாலும் சேர்வது விளையாட்டு மேலாண்மை, கல்வி நிர்வாகம், மனித உறவுகள், தாராளக் கலைகள் போன்ற, கட்டணம் செலுத்திப் படிக்கும் தொழில்சார் முதுநிலைகளில். அவற்றில் ஒருவர் கூடுதலாகச் சேர்ந்தால் இன்னொருவர் வெளியேற வேண்டியதில்லை. வீரருக்கான கட்டணமும் விளையாட்டுத் துறையின் கணக்கிலிருந்து துறைக்கு வந்துவிடுகிறது.

ஆனால் இடங்கள் எண்ணி வைக்கப்பட்டிருக்கும் படிப்புகளும் உண்டு. ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்று ஒரே குழுவாகச் சேர்த்து, நேரடிப் பயிற்சி கொடுத்து நடத்தும் மனநல ஆலோசனை, மருத்துவம் சார்ந்த பயிற்சி போன்ற படிப்புகளில் ஓர் இடத்தை ஒரு பருவம் ஆடிவிட்டுப் போகிறவருக்குக் கொடுத்தால், அந்த இடம் இரண்டாண்டு காலியாகக் கிடக்கும். வேறொருவர் அதை இழந்திருப்பார். அப்படிப்பட்ட படிப்பில் விலக்கு கொடுப்பது அநியாயம்தான். அங்கே துறை மறுத்தால், அந்த மறுப்பின் பின்னால் பல்கலைக்கழகத் தலைவர் நிற்க வேண்டும்.

விலக்கே கூடாது என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். படைப்பிரிவிலிருந்து வருகிறவர், பத்தாண்டு வேலை பார்த்துவிட்டு வருகிறவர், தாயான பிறகு படிக்க வருகிறவர் என்று பலரையும் முதுநிலைப் பள்ளிகள் எண்ணைத் தாண்டிப் பார்த்துச் சேர்க்கின்றன. வாரம் முழுக்க உடலால் உழைத்துக்கொண்டே பட்டம் வாங்கிய ஒருவரையும் அதே கண்ணோடு பார்க்கலாம். எனக்கு ஒப்பாதது வேறு. சேர்க்கும்போது அவருக்காக விதியைத் தளர்த்துகிற பல்கலைக்கழகம், பருவம் முடிந்த மறுநாள் அவரை மறந்துவிடக் கூடாது. தளர்த்திச் சேர்த்தவரைப் பட்டம் வரை கொண்டுசேர்க்கும் பொறுப்பும் அதே பல்கலைக்கழகத்துக்கு உண்டு. அந்தப் பொறுப்பை ஏற்க மனமில்லாத இடம் விலக்கு கொடுக்கவும் கூடாது.

கேள்வி: ஐவி லீக் கல்லூரிகளில் பட்டம் முடித்த வீரர்கள் அங்கேயே முதுநிலை படித்து ஆடுவதில்லையே, ஏன்?
– ஒரு மாணவர், பாஸ்டன்

பதில்: ஐவி லீக்கின் எட்டுப் பல்கலைக்கழகங்களும் முதுநிலை மாணவர்களைத் தங்கள் அணிகளில் ஆட அனுமதிப்பதில்லை. கொரோனாவால் 2020 பருவம் ரத்தானபோது, அப்போது படித்துக்கொண்டிருந்தவர்களுக்காக 2021–22 கல்வியாண்டுக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள். அதனால் காயத்தாலோ வேறு காரணத்தாலோ ஒரு பருவம் மிச்சமுள்ள ஹார்வர்டு, யேல் வீரர்கள் பட்டம் முடிந்ததும் வேறு கல்லூரிக் குழுமங்களின் அணிகளுக்குப் போகிறார்கள். முதுநிலைச் சேர்க்கையில் இவர்களுக்குத் துறைகள் தயங்குவது அரிது.

கேள்வி: முதுநிலைப் பட்டம் என்று சொல்லிவிட்டு, உண்மையில் எளிதான சான்றிதழ்ப் படிப்பில் பெயரைப் பதிந்துகொண்டு ஆடுகிறார்கள் என்கிறார்களே? இதற்குப் படிப்பு என்று பெயர் வைக்கலாமா?
– ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், அட்லாண்டா

பதில்: ஐயா, ஆசிரியராக இருந்த உங்களுக்கு இது உறுத்துவது இயல்பு. 12 முதல் 18 கிரெடிட் வரை உள்ள முதுநிலைச் சான்றிதழ்கள் இப்போது நிறைய இருக்கின்றன. அவற்றை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஒரு பருவம் மட்டும் தங்கப்போகும் வீரர், 30 கிரெடிட் படிப்பில் 9 முடித்துவிட்டு ஒன்றும் இல்லாமல் போவதைவிட, ஓராண்டில் முடியக்கூடிய ஒரு சான்றிதழை முழுமையாக வாங்கிக்கொண்டு போவது நேர்மையான ஏற்பாடு. அந்தக் கிரெடிட்டுகள் பின்னாளில் முதுநிலைப் பட்டத்தோடு சேரும்படி அமைந்துவிட்டால் இன்னும் நல்லது.

விளையாட்டு மேலாண்மை போன்ற படிப்புகளை எளிது என்று ஒதுக்குவதையும் நான் ஏற்கவில்லை. பயிற்சியாளராகவோ பள்ளி விளையாட்டுத் துறைப் பொறுப்பாளராகவோ வாழப்போகிறவருக்கு, ஓர் ஆடுகள நிர்வாகத்தின் வரவு செலவைப் படிப்பது அவர் தொழிலைப் படிப்பதுதான். ஜேலன் ஹர்ட்ஸ் அலபாமாவில் பட்டம் முடித்து 2019-ல் ஓக்லஹோமாவுக்கு மாறியபோது சேர்ந்தது மனித உறவுகள் முதுநிலையில். அந்தப் பருவம் ஆடிவிட்டு என்.எஃப்.எல்.லுக்குப் போனவர், தொழில்முறை ஆட்டத்துக்கு நடுவே படிப்பைத் தொடர்ந்து 2023-ல் அந்தப் பட்டத்தை வாங்கினார். என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் ஆடிய அதே ஆண்டு அது. ஆடுவதற்காகச் சேர்ந்தவர் படிக்க மாட்டார் என்று சொல்வோர் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

என் குறை வேறிடத்தில். கல்லூரிகளின் பட்ட வெற்றி விகிதம் என்று என்.சி.ஏ.ஏ. ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கு இளநிலைப் பட்டத்தை மட்டுமே பார்க்கிறது. மாறிவந்த முதுநிலை வீரர்களில் எத்தனை பேர் அந்த முதுநிலையை முடித்தார்கள் என்று எந்தப் பல்கலைக்கழகமும் அந்தக் கணக்கில் பதில் சொல்ல வேண்டியதில்லை. 2019-ல் ஒரு நல்ல முன்மொழிவு வந்தது. பட்டம் பெற்று மாறிவரும் கால்பந்து, கூடைப்பந்து வீரர் ஒருவருக்கு உதவித்தொகை கொடுத்தால், அவர் முதுநிலையை முன்கூட்டியே முடித்தாலொழிய, அந்த உதவித்தொகை இடத்தை அந்தப் படிப்புக்காலம் முழுவதும் வேறு வீரருக்குக் கொடுக்க முடியாது என்பது அதன் சாரம். அது நிறைவேறியிருந்தால், படிப்பை முடிக்கக் கூடியவரைத்தான் கோச்சுகளே தேடியிருப்பார்கள். சேர்க்கைத் தரம் தானாக உயர்ந்திருக்கும். முதல் பிரிவு மன்றம் அதை நிராகரித்துவிட்டது. இன்றுவரை எனக்கு வருத்தம் தரும் முடிவு அது.

கேள்வி: இப்போது இளநிலை மாணவர்களே எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. 2021 முதல், வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்த விடும் உரிமைக்குப் பணமும் வருகிறது. 2025 முதல் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தருகின்றன. இனி பட்டம் முடித்துவிட்டு மாறுவதில் என்ன பயன்?
– ஒரு வாசகர், வட கரோலைனா

பதில்: மிகுந்த பயன் உண்டு. இளநிலையில் மாறுகிறவர் கிரெடிட்டுகளைச் சுமந்துகொண்டு போகிறார். புதிய கல்லூரி அவற்றில் எத்தனையைத் தன் பட்டத்துக்கு ஏற்றுக்கொள்ளும் என்பது அதன் விருப்பம். நான்காம் ஆண்டை நெருங்கும் வீரரின் 90 கிரெடிட்டுகளில் 60 மட்டும் ஏற்கப்பட்டால், முன்னே சொன்ன விழுக்காட்டுக் கணக்கில் அவர் அங்கே பின்தங்கி, ஆடும் தகுதியையே இழக்கக் கூடும். கிரெடிட்டுகளை ஏற்பதில் கண்டிப்பான மிச்சிகன் போன்ற பல்கலைக்கழகங்களுக்கு மூத்த இளநிலை மாணவர்கள் மாறுவது கடினமாக இருப்பதும் இதனால்தான். பட்டத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. முடிந்த பட்டத்தை யாரும் குறைக்க முடியாது. ஒவ்வொரு செமஸ்டரிலும் குறைந்தது 6 கிரெடிட் தேறிக்கொண்டு போனால் அவருடைய தகுதி நிற்கும்.

பணம் வந்தபிறகு இந்த வேறுபாடு இன்னும் முக்கியமாகிவிட்டது. மூன்று கல்லூரிகளில் ஆடி, மூன்று இடத்திலும் கிரெடிட்டுகளை இழந்து, ஐந்தாண்டு முடிவில் இளநிலைப் பட்டம்கூட இல்லாமல் நிற்கும் இளைஞனுக்கு, வந்த பணம் எத்தனை நாள் தாங்கும்? என்.எஃப்.எல். டிராஃப்ட்டில் ஆண்டுக்கு எடுக்கப்படுவோர் ஏழு சுற்றுகளிலும் சேர்த்துச் சுமார் 257 பேர்தான். முதலில் பட்டம், பிறகு மாற்றம் என்ற வரிசையைப் பிள்ளைகளிடம் பெற்றோர் வற்புறுத்துவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

கேள்வி: பட்டத்துக்கு ஒரே ஒரு பாடம் பாக்கி இருக்கிறது. முதுநிலை இடம் கிடைத்துவிட்டது. அந்தப் பாடத்தைக் கோடையில் முடிக்கிறேன் என்று சொல்லிச் சேர முடியுமா?
– ஒரு மாணவர், வாஷிங்டன் மாநிலம்

பதில்: உங்கள் மாநிலத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. கிழக்கு வாஷிங்டன் அணியின் குவார்ட்டர்பேக் வெர்னன் ஆடம்ஸ் 2015-ல் ஆரிகனுக்கு மாற முடிவு செய்தபோது, பட்டத்துக்கு ஒரு கணிதப் பாடம் பாக்கி இருந்தது. ஆரிகனின் பயிற்சி ஆகஸ்டில் தொடங்கிவிட்டது. அவரோ பழைய கல்லூரியில் கணிதத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். அதில் தேறிய பிறகுதான் அவர் புதிய அணியின் பயிற்சியில் சேர முடிந்தது. ஆட்டத் திட்டத்தைக் கற்றுக்கொள்ள மற்றவர்களுக்குக் கிடைத்த முதல் நாட்கள் அவருக்குக் கிடைக்கவில்லை.

இடம் கிடைத்துவிட்டது என்று நீங்கள் சொல்வது, பட்டம் முடியும் என்ற நிபந்தனையோடு கிடைத்த இடம். ஆகவே மூன்று காரியங்களை இப்போதே செய்யுங்கள். அந்தப் பாடம் கோடையில் உண்மையிலேயே நடக்கிறதா, எந்தத் தேதியில் மதிப்பெண் பதிவாகும் என்று உங்கள் பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். மதிப்பெண் பதிவாகும் தேதியும் பட்டம் வழங்கப்படும் தேதியும் வேறு வேறு. சில கல்லூரிகளில் கோடைப் பட்டம் ஆகஸ்ட் இறுதியில்தான் பதிவாகும், அதற்குள் புதிய இடத்தில் வகுப்புகள் தொடங்கிவிடும். அப்படியானால், எல்லாத் தேவைகளும் முடிந்துவிட்டன என்று பதிவாளர் கையொப்பமிட்டுத் தரும் கடிதத்தை ஏற்பார்களா என்று புதிய பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பள்ளியிடமும், விளையாட்டுத் துறையின் விதிமுறை அலுவலகத்திடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் ஏற்று மற்றவர் ஏற்காவிட்டால், நீங்கள் மாணவராக இருப்பீர்கள். ஆனால் ஆட முடியாது.